எலும்பை ஆட்டிப் பார்த்தேன்

நான் ஒருமுறை ஸ்டோரிலிருந்து எலும்புக்கூடு ஒன்றை எடுத்துத் தரும்படி எழுத்தில் கேட்டவன். கையெழுத்தும் போட்டிருந்தேன். என்னைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியதில் பாதி இதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி இதைவிட மோசம். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டக்குளியில், ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட, லொறிக்கும் பஸ்ஸுக்கும் உடல் கட்டிக் கொடுக்கும் கொம்பனி எங்களுடையது. வண்டி வெறும் சட்டமும் எஞ்சினுமாக உள்ளே வரும். மீன் லொறியாகவோ நடமாடும் கிளினிக்காகவோ வெளியே போகும். நான் மாடியில், டிசைன் ஒஃபிஸில். ஒரு வண்டியைக் கொம்பியூட்டரில் முழுதாக வரைந்து முடித்தால் அதுவே பொருட்பட்டியலையும் எழுதித் தரும்: இத்தனை சட்டம், இத்தனை தகடு, இத்தனை போல்ட். பட்டியலில் எது வரக்கூடாது என்பதை மட்டும் நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முதல் வரியில் ‘எலும்புக்கூடு – 1’ என்று வந்தது. நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்துக் கீழே அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர்காரர் படியேறி வந்தார். களனிப் பக்கத்துச் சிங்கள மனிதர். தமிழ் கொஞ்சம்தான் வரும். வருகிற கொஞ்சத்தையும் மிகுந்த மரியாதையோடு கதைப்பார்.

“நவம் மாத்தயா, இந்த முதலாவது சாமான். எடை சைபர் எண்டு போட்டிருக்கு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை முழுக்கக் கேட்டாச்சு, ஒண்டிலயும் இல்ல. ஒருத்தன் மட்டும் சொன்னான், இங்க கிடைக்காது, பொரளைக் கனத்தையில போய்க் கேளு எண்டு.”

கனத்தை என்றால் பொரளை மயானம். ஒஃபிஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. தன்னைப் பார்த்து முதலில் தானே சிரித்துவிட்டால் மற்றவர்கள் அதிகம் தோண்டமாட்டார்கள் என்பது நான் சின்ன வயதிலேயே கண்டுபிடித்த தந்திரம். அந்தத் தந்திரத்தோடுதான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன மாதம் அந்தப் பழைய ஒஃபிஸிலிருந்து அழைப்பு வந்தது. புதிய மென்பொருளுக்கு மாறுகிறார்களாம். பாகத்துக்கும் பாகத்துக்கும் இடையில் அறுந்த தொடுப்புகளை அதுவே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளுமாம். “அப்ப எலும்புக்கூடு எல்லாம் இனி எதுக்கு?” என்று இப்போது அங்கே வரையும் பிள்ளைகள் கேட்கிறார்களாம். ஒருக்கால் வந்து கதைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனேன். ஒரு மணித்தியாலம் கதைத்தேன். நன்றாகச் சிரித்தார்கள். வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது: சிரிக்க வேண்டாத ஓர் இடத்திலும் நான் அவர்களைச் சிரிக்க வைத்திருந்தேன்.

ஆகவே இன்னொரு முறை, முதலிலிருந்து.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாகத்தான் படித்தேன். வரைபலகை, ‘ரீ’ மட்டம், மை ஊற்றும் பேனா. சட்டையில் மை, மேலதிகாரியின் சட்டையில் மை. பிறகு கொம்பியூட்டர் வந்தது, அதில் கோடு வரைந்தோம். பிறகு கோடு போய்க் கனவடிவம் வந்தது, திரையில் வண்டியைச் சுழற்றிப் பார்த்துப் பரவசப்பட்டோம். ஒவ்வொரு பாகமாக வரைந்து, கடைசியில் ஒன்றோடு ஒன்றை ஒட்டுவதுதான் நாங்கள் பழகிய வழி. சட்டத்தைப் பார்த்துக் கதவை வைப்போம். கதவைப் பார்த்துப் பூட்டை வைப்போம். பூட்டைப் பார்த்து விளக்கை வைப்போம். ஒன்று நகர்ந்தால் மற்றதெல்லாம் வரிசையாக விழும், மழை நாளில் காலி வீதி ஓரத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் மாதிரி.

அந்த நேரத்தில்தான் ரிஸானா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தார். மாளிகாவத்தைக்காரர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே சில காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். அந்தக் கதிரை எனக்கு வரும் என்று நான் நினைத்திருந்தேன். வராததையும் பகிடியாக்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பகிடிக்கு அடியில் கொஞ்சம் புளிப்பு இருந்தது.

மேடம் முதல் நாளே ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். அதில் இரும்பு எதுவும் இல்லை. தளங்கள், கோடுகள், அச்சுகள், சில புள்ளிகள், அவ்வளவுதான். தரை இந்த உயரத்தில். வண்டியின் நடுக்கோடு இது. பின் சில்லின் அச்சு இங்கே. கதவு சுழலும் அச்சு அங்கே.

“வண்டி எங்க மேடம்?” என்றேன்.

“இதுதான் வண்டி. மத்தது எல்லாம் சதை.”

எலும்புக்கூடு என்று அதற்குப் பெயர். முதலில் அதை வரைய வேண்டும். பிறகு வரையும் ஒவ்வொரு பாகமும், தூணோ கதவோ ஒரு சின்னத் துண்டுத் தகடோ, தான் எங்கே நிற்பது என்பதை அந்த எலும்பிடம் மட்டுமே கேட்க வேண்டும். பக்கத்துப் பாகத்திடம் கேட்கக் கூடாது. அப்படி ஒழுங்காகச் செய்திருந்தால், வண்டியின் தரையை உயர்த்தச் சொல்லி நாளைக்கு ஒருவர் வந்தாலும், எலும்பில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். முந்நூறு பாகங்களும் தாமாக எழும்பி நகரும்.

மேடம் ஒருநாளும் ‘பிழை’ என்று சொன்னதில்லை. எங்கள் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். இடக்கையில் பால் விடாத தேநீர். வலக்கையில் பென்சில். பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பின்பக்கத்தால், திரையில் படாமல் ஓர் அங்குலம் தள்ளி, ஒரு பாகத்தைக் காட்டுவார்.

“இது எதைப் பார்த்து நிக்கிது?”

“எலும்பை மேடம்” என்றால் பென்சில் அடுத்த பாகத்துக்குப் போகும். “கதவை மேடம்” என்றால் பென்சில் அதே இடத்தில் நிற்கும். தேநீர் ஆறும். முதுகு வியர்க்கும். நாங்கள் அதைத் திருத்தி முடிக்கும்வரை அவர் நகரமாட்டார். முடித்ததும் ஒரு மிடறு குடித்துவிட்டு அப்பால் போவார். சாதாரண நாளில் நான் ‘நவம் அண்ணன்’. ‘மிஸ்டர் நவரத்னம்’ என்று கூப்பிட்டால் வானிலை மாறிவிட்டது என்று அர்த்தம்.

காலையில் வந்ததும் எலும்புக் கோப்பின் எடையைப் பார்ப்பார். சைபர் என்று காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் யாரோ சோம்பேறி அதற்குள் இரும்பை வரைந்திருக்கிறான். அந்தச் சோம்பேறியின் பெயரை அவர் கேட்கமாட்டார். பெரும்பாலும் நான்தான்.

அவர் கொண்டுவந்த இன்னொரு ஒழுங்கு, ஆட்டிப் பார்ப்பது. வரைபடம் கீழே வேலைத்தலத்துக்கு இறங்குவதற்கு முன், எலும்பில் தரையின் உயரத்தை ஐந்து மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். பாகங்கள் எல்லாம் நகர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து குறைத்து மறுபடி பார்க்க வேண்டும். பழைய இடத்தில் விட வேண்டும். நகராத பாகம் எலும்பைப் பார்த்து நிற்கவில்லை. வேறு யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறது, அல்லது யாரையும் பார்க்காமல் நிற்கிறது. பெரிய வண்டி என்றால் இதற்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். முடிந்ததும் நீல மட்டைக் கொப்பி ஒன்றில், அவரவர் மொழியில், கைப்பட எழுத வேண்டும். தமிழில் எழுதியவன் நான் ஒருவன்தான்: ‘எலும்பை ஆட்டிப் பார்த்தேன்.’ கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே மேடத்தின் கையெழுத்து.

கீழே வேலைத்தலத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். செல்வம், கொட்டாஞ்சேனைப் பொடியன், பாகங்களை வண்டியில் பூட்டும் பிட்டர். நான் மாடியில் செய்யும் பகிடிகளைக் கீழே கொண்டுபோய் நடித்துக் காட்டும் பொறுப்பு அவனுக்கு. ஆனால் வேலையில் பகிடி இல்லை. வரைபடத்தில் ஒரு துளை ஒரு மில்லிமீட்டர் சந்தேகமாக இருந்தாலும் படியேறி வந்து கேட்பான்.

“அண்ணே, உங்கட எலும்புக்கு நாங்கதான் சதை வைக்கிறது. சரியா நிக்கச் சொல்லுங்க அந்தாள.”

அந்த வருடம் ஒரு நடமாடும் பல் வைத்திய பஸ் வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை ஏற்றுவதற்கு அதன் பின்பக்கத்தில் ஒரு மடிப்பு மேடை. இறக்கினால் தரையோடு தரையாகக் கிடைமட்டமாக நிற்கும். தூக்கி நிமிர்த்தினால் பின்சுவரோடு ஒட்டி நிற்கும். நிமிர்ந்த மேடை விழாமல் இருக்க, மேலே சுவரில் ஒரு கொளுவி. மேடையின் விளிம்பில் இருக்கும் ஊசிக்கு மேலால் அந்தக் கொளுவி இறங்கிப் பிடிக்க வேண்டும், பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு. எழுபது கிலோ மேடையை நிறுத்தி வைப்பது அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான்.

அந்தக் கொளுவியை வரைந்தவன் நான்.

எலும்பில் அதற்கென்று ஓர் அச்சை மேடம் வரைந்து வைத்திருந்தார். நான் அதைப் பார்த்து வைக்கவில்லை. பக்கத்தில் விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரம் திரையில் என் கைக்கு லேசாக அகப்பட்டது. அதைப் பார்த்து வைத்தேன். ஒரு கிளிக் மிச்சம்.

இரண்டு கிழமை கழித்து விளக்குப் பெட்டி மாறியது. என் திரை முழுவதும் சிவப்புக் குறிகள். கொளுவி தன் ஓரத்தைக் காணாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒழுங்காகச் செய்வதானால் அதை எலும்போடு திருப்பித் தொடுக்க வேண்டும், அரை மணித்தியாலம். நான் தொடுப்பை வெட்டினேன். வெட்டினால் அந்தப் பாகம் இருந்த இடத்தில் இருந்தபடியே உறைந்துவிடும். யாரையும் பார்க்காது. யாரையும் பார்க்காததால் முறைப்பாடும் செய்யாது. சிவப்பெல்லாம் மறைந்தது. அன்று மேடம் என் திரையைப் பார்த்துவிட்டு, “கெதியா முடிச்சிட்டீங்களே, நவம் அண்ணன்” என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக் காட்டினேன்.

பிறகு உண்மையான வண்டிச் சட்டம் வந்து இறங்கியது. அளந்தால், சொன்னதைவிடத் தரை எட்டு மில்லிமீட்டர் பதிவாக வருகிறது. மேடம் எலும்பில் ஓர் இலக்கத்தை மாற்றினார். தரை இறங்கியது. மேடை இறங்கியது. மேடையின் ஊசி இறங்கியது. சிவப்புக் குறி ஒன்றுகூட வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். கொளுவி மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. பன்னிரண்டில் எட்டுப் போனால் நான்கு.

இதைப் பிடிக்கத்தான் ஆட்டிப் பார்ப்பது. அந்த பஸ்ஸை ஆட்டிப் பார்க்க வேண்டியவன் நான். அன்று மேடம் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்வம் மேலே வந்திருந்தான். மேடத்தை நடித்துக் காட்டச் சொன்னார்கள்.

நான் நடித்தேன். மேசையில் இருந்த ஒரு கோப்பையை இடக்கையில் எடுத்தேன். பென்சிலைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒவ்வொருவரின் பின்னாலும் போய் நின்றேன். ஒருவனின் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டி, “இது எதைப் பார்த்து நிக்கிது?” ஒருவனின் மீசையைக் காட்டி, “இது எதைப் பார்த்து நிக்கிது?” செல்வம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நல்லாகத்தான் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் உச்சக்கட்டமாக நீலக் கொப்பியை விரித்து, மேடத்தின் அதே பாணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, ‘எலும்பை ஆட்டிப் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கைதட்டினார்கள்.

ஆட்டவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று நினைத்தேன். மறுநாள் மேடம் என் கையெழுத்தைக் கண்டு தன் கையெழுத்தை வைத்தார். வரைபடம் கீழே இறங்கியது.

வேலைத்தலத்தில் எல்லோரும் வரைபடத்தில் இருந்தபடியே செய்தார்கள். வெல்டர் அளவுப்படி கொளுவியை ஒட்டினார். செல்வம் அளவுப்படி மேடையைப் பூட்டினான். பரீட்சித்துப் பார்க்கும் நாளில் அவன் மேடையை நிமிர்த்தி, கொளுவியை இறக்கி, கீழே குனிந்து சுழலும் அச்சுக்குக் கிறீஸ் வைத்தான். இடக்கையை மேடை வந்து உட்காரும் தாங்கியில் ஊன்றிக்கொண்டிருந்தான்.

மாடியில் எங்களுக்குக் கேட்டது பெரிய சத்தம் இல்லை. யாரோ கோபத்தில் லொறிக் கதவை அடித்துச் சாத்திய மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் எங்களை எழும்ப வைத்தது. நாங்கள் இறங்கிப் போவதற்குள் அவனைத் தூக்கிக் கொம்பனி வானில் ஏற்றிவிட்டார்கள். வேலைத்தல மனேஜர் தன் கைலேஞ்சியை மடித்து மடித்து நின்றார்.

“விரல் போச்சு, நவம்” என்றார்.

இடக்கையில் ஒரு விரல். எந்த விரல் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழுவதையும் பந்து மாதிரிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவன் மருந்து மயக்கத்தில் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி. என்னைக் கண்டதும் எழும்பினாள்.

“கொளுவிய ரெண்டு தரம் அழுத்திப் பார்த்தவராம் மிஸ்டர். சத்தியமாச் சொல்றார். மனேஜர் வந்து, இல்ல, நீ சரியாப் போடல்ல எண்டிட்டுப் போறார். இவர் அப்பிடிச் செய்ற ஆளா? நீங்க சொல்லுங்க.”

“இல்லை” என்றேன். நீலக் கொப்பியில் நான் எழுதியதைச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

மனேஜர் அறிக்கையை எழுதிவிட்டார் என்று தெரிந்தது. அரைப் பக்கம். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: ‘கவனயீனம்.’ மறுநாள் காலையில் கூட்டம் வைத்து அதை உறுதிப்படுத்துவார்கள். அந்தச் சொல் உறுதியானால் செல்வத்துக்கு இங்கே வேலை இல்லை. வேறு இடத்திலும் இல்லை. உடல் கட்டும் கொம்பனிகள் கொழும்பில் கைவிரலில் எண்ணக்கூடியவை, ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியும். விரல் போன பிட்டருக்கு மிச்சம் இருப்பது பெயர். அதையும் அந்த ஒரு சொல் எடுத்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒஃபிஸுக்கு வந்தேன். எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். திரையில் அந்த பஸ்ஸின் கோப்பைத் திறந்தேன். எலும்பில் தரையை ஐந்து கூட்டினேன். முதல் முறையாக, உண்மையாகவே, ஆட்டிப் பார்த்தேன்.

எல்லாம் எழும்பியது. கொளுவி எழும்பவில்லை. தேவாலயப் பூசையில் எல்லோரும் எழும்பி நிற்க, ஒருவன் மட்டும் வாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருப்பது போல இருந்தது அது.

அரை மணித்தியாலம் போகும் என்று நான் சோம்பிய திருத்தத்துக்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. எலும்பின் அச்சைத் தெரிவு செய்தேன், கொளுவியை அதற்குக் காட்டினேன். ‘சரி’ என்று அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்தினால் கோப்பு சுத்தம். நாளைக்கு யார் திறந்து பார்த்தாலும் கொளுவி எலும்பைப் பார்த்து நிற்கும். கீழே இருக்கும் கடதாசி மட்டும் வேறாக இருக்கும். அதற்கு வேலைத்தலத்தார்தான் பதில் சொல்ல வேண்டும்: பழைய கடதாசியைப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள் என்று பழி அவர்கள்மேல் விழும்.

நல்ல மனது என்னைத் தடுத்தது என்று எழுத ஆசைதான். தடுத்தது எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ‘ரெண்டு தரம் அழுத்திப் பார்த்தவராம்’ என்ற குரல் கொஞ்சம். கோப்பில் திகதி மாறும், மேடம் அதைக் கவனிப்பார் என்ற பயம் கொஞ்சம். எது எவ்வளவு என்று அளந்து சொல்லும் கருவி என்னிடம் இல்லை. அழுத்தாமல் மூடினேன்.

காலையில் மேசையைச் சுற்றி மனேஜர், ரிஸானா மேடம், நான். மனேஜர் அறிக்கையை வாசித்தார். ‘கவனயீனம்’ என்ற இடத்தில் நான் கையைத் தூக்கினேன்.

“சேர், அது என்ர.”

“என்ன உங்கட?”

“கவனயீனம். அது செல்வத்தின்ர இல்லை. என்ர சாமான் அது.”

மனேஜர் என்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “ஒரு மனுசன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான். இந்த நேரத்திலயும் பகிடியா, நவம்?”

“பகிடி இல்லை சேர்.”

“நீர் எப்ப பகிடி விடேல்ல?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து வந்த எதையும் யாரும் நேராக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது ஒருவனை நம்ப ஆள் இல்லையென்றால், அவன் அதுவரை எப்படி வாழ்ந்திருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள்.

மேடம் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. மேசையில் இருந்த கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார்.

“ஆட்டிக் காட்டுங்க, மிஸ்டர் நவரத்னம்.”

ஆட்டினேன். ஐந்து கூட்டினேன். தரை, சுவர், மேடை, ஊசி. கொளுவி நின்றது. ஐந்து குறைத்தேன். கொளுவி நின்றது. மனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். மேடம் பென்சிலைத் தலைகீழாக எடுத்தார். நான் ஒஃபிஸ் முழுவதும் நடித்துக் காட்டிய அதே பென்சில். திரைக்கு ஓர் அங்குலம் தள்ளிக் கொளுவியைக் காட்டினார்.

“இது எதைப் பார்த்து நிக்கிது?”

“ஒண்டையும் பார்க்கேல்லை மேடம். நான் வெட்டினனான்.”

“கொப்பியில?”

“ஆட்டேல்லை. எழுதினனான்.”

அவர் நீலக் கொப்பியை வரவழைத்தார். அந்தப் பக்கத்தை விரித்து என் கையெழுத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த தன்னுடையதை இன்னும் நெடுநேரம் பார்த்தார். பிறகு மனேஜரிடம் சொன்னார்: “எழுதிக்கொள்ளுங்க. எண்ட பேரும் வரணும். நான் எலும்பைப் பார்க்கல்ல. இவரைப் பார்த்து நிண்டன்.”

அறிக்கையில் ‘கவனயீனம்’ வெட்டப்பட்டு ‘வரைபடப் பிழை’ என்று எழுதப்பட்டது. செல்வத்தின் வேலை தப்பியது. கை ஆறியதும் அவனைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். அளக்கும் வேலை. என்னை ஒரு வருடத்துக்குப் பதவி இறக்கினார்கள். எந்த வண்டியையும் தனியாக வரையக் கூடாது, மற்றவர்களின் எலும்பை மட்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். பார்த்தேன். தினமும் ஒன்றரை மணித்தியாலம், சில நாள் மூன்று. அந்த வருடம் நான் யாரையும் நடித்துக் காட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன், வேலைத்தலத்துப் படிக்கட்டுக்குக் கீழே வைத்து. “விடுங்கண்ணே” என்றான். வலக்கையால் என் தோளைத் தட்டினான். இடக்கை காற்சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகும் அப்படித்தான், பைக்குள், அல்லது கையுறைக்குள். எப்போதாவது வெளியே எடுத்தால் எனக்கு உடனே வேறு எங்கேயாவது பார்க்க வேலை வந்துவிடும். இரண்டு வருடத்தில் அவன் விலகி, கொட்டாஞ்சேனையில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டான்.

போன மாதம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? ‘ஒரு டிசைனர் இருந்தார்’ என்று தொடங்கினேன். நடிப்பைச் செய்து காட்டினேன், கோப்பையோடும் பென்சிலோடும். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘கடைசியில் ஒருவருக்கு விரலில் அடிபட்டது, ஆகவே தொடுப்பை வெட்டாதீர்கள்’ என்று முடித்தேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் ரிஸானா மேடம் இருந்தார், இப்போது தலைமுடி நரைத்து, கொம்பனிக்கே தலைமையாக. அவர் தட்டவில்லை. வாசலில் என்னை வழியனுப்பும்போது, “நல்லாக் கதைச்சீங்க, மிஸ்டர் நவரத்னம்” என்றார். வானிலை மாறிவிட்டது.

பிள்ளைகளே, புதிய மென்பொருள் அறுந்த தொடுப்பை ஒட்டும் என்கிறீர்கள். ஒட்டட்டும். நான் அறுத்தது அறுந்த மாதிரித் தெரியவில்லை, அதுதான் விசயம். எது எதைப் பார்த்து நிற்கிறது என்று நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதையும் நான் எப்போதும் சரியாகச் செய்வதில்லை.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த நேரம் பார்த்து, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். செல்வத்தின் பெயரைப் போடலாமா என்று கேட்க வேண்டும். பட்டறை பூட்டியிருந்தது, வீட்டில் இருந்தான். தேநீர் வந்தது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எலும்புக்கூட்டுக்கு ஓர்டர் கொடுத்த இடத்தில் சிரித்தான். மீசையைக் காட்டிய இடத்தில் தானும் அங்கே இருந்ததை நினைத்துத் தலையை ஆட்டினான். ‘அது என்ர’ என்ற இடத்தில் ஜன்னலைப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் நடந்தது அவனுக்கு அதுவரை தெரியாது.

முடித்துவிட்டு, ஏதாவது திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னேன். ஒரு திருத்தம் சொன்னான். அதை இங்கே கடைசியில் அப்படியே போடுகிறேன். மேலே எழுதியதில் கைவைக்கவில்லை. தடயம் இல்லாமல் திருத்துவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவன் இடக்கையைப் பையிலிருந்து எடுத்து, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், மேசைமேல் விரித்து வைத்தான். இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் அதை நேராகப் பார்த்தேன்.

“ரெண்டு விரல், அண்ணே.”